பிரபஞ்சத்தில் பிளஸ் எவ்வளவோ மைனஸும் அவ்வளவு! அது எப்படி?

பிற்பகல் 3 மணி. வானம் கறுத்துவிட்டது. திடலில் பந்து விளையாடிக்கொண்டிருந்தவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடுகிறார்கள். பளிச்சென்று ஒரு வெளிச்சம். அடுத்த சில விநாடிகளில் 'டமார்' என்று ஒரு சத்தம்.

மின்னல் நமக்குப் புதுசு இல்ல. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ஆண்டு முழுவதும் பார்த்துப் பழகிய ஒன்றுதான். ஆனால் அங்கே உண்மையில் என்ன நடக்கிறது?

மேகத்துக்குள் பனித்துகள்கள் ஒன்றோடொன்று மோதி உரசுகின்றன. அப்போது மின்னூட்டம் இரண்டாகப் பிரிகிறது. பிளஸ் ஒரு பக்கம், மைனஸ் இன்னொரு பக்கம். பிரிந்தவை மீண்டும் ஒன்றுசேரும்போது, இடையில் உள்ள காற்றைப் பிளந்துகொண்டு மின்சாரம் பாய்கிறது. அதுதான் மின்னல்.

கொஞ்சம் பிரிந்ததற்கே இவ்வளவு ஆர்ப்பாட்டம். அப்படின்னா, பிரியாமல் அமைதியாக இருக்கும் மின்னூட்டம் எவ்வளவு? பிரபஞ்சம் முழுவதையும் கூட்டிப் பார்த்தால் பிளஸ் அதிகமா, மைனஸ் அதிகமா?

இரண்டும் சமம். விஞ்ஞானிகள் எவ்வளவு நுணுக்கமாகத் தேடியும் வித்தியாசம் கிடைக்கவில்லை. அது எப்படி இவ்வளவு சரியாக இருக்கு? வாங்க, படிப்படியாகப் பார்ப்போம்.

ஒரு கிளாஸ் தண்ணீரில் எத்தனை மின்னல்?

முதலில் ஒரு சின்ன அறிமுகம். நாம் தொடும் பொருள்கள் எல்லாம் அணுக்களால் ஆனவை. அணுவின் நடுவே புரோட்டானும் நியூட்ரானும் இருக்கின்றன. அவற்றைச் சுற்றி எலெக்ட்ரான்கள் இருக்கின்றன. புரோட்டானுக்கு பிளஸ் மின்னூட்டம், எலெக்ட்ரானுக்கு மைனஸ், நியூட்ரானுக்கு எதுவும் கிடையாது.

இப்போது உங்கள் முன்னால் 180 மில்லிலிட்டர் தண்ணீர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சின்ன கிளாஸ்தான். தண்ணீரின் ஒவ்வொரு மூலக்கூறிலும் 10 புரோட்டான், 10 எலெக்ட்ரான். அந்த கிளாஸில் மொத்தம் எத்தனை தெரியுமா? 6க்குப் பின்னால் 25 பூஜ்யம் போட்டுக்கொள்ளுங்கள். அத்தனை புரோட்டான்கள். அதே அளவு எலெக்ட்ரான்கள்.

மின்னூட்டத்தை அளக்கும் அலகுக்கு கூலோம் என்று பெயர். அந்த கிளாஸில் ஏறக்குறைய 9.6 மில்லியன் கூலோம் பிளஸ் இருக்கிறது. மைனஸும் அதே 9.6 மில்லியன். ஒரு மின்னல் 20 கூலோமைக் கொண்டுசெல்வதாக வைத்துக்கொண்டால், கிட்டத்தட்ட 480,000 மின்னல்களுக்குத் தேவையான மின்னூட்டம் அந்தத் தண்ணீருக்குள் சும்மா உட்கார்ந்திருக்கிறது.

ஆனாலும் நீங்கள் பயமில்லாமல் குடிக்கிறீர்கள். ஷாக் அடிப்பதில்லை. காரணம் ஒன்றுதான். பிளஸும் மைனஸும் சமமாக இருப்பதால், வெளியிலிருந்து பார்க்கும்போது மொத்தக் கணக்கு பூஜ்யம்.

சமநிலை கொஞ்சம் தவறினால் என்ன ஆகும்?

அமெரிக்க இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் 1960களின் தொடக்கத்தில் கால்டெக் மாணவர்களுக்கு வகுப்பெடுத்தபோது ஒரு கணக்கைச் சொன்னார். இரண்டு பேர் கைநீட்டித் தொடும் தூரத்தில் நிற்கிறார்கள். இருவர் உடலிலும் புரோட்டான்களைவிட எலெக்ட்ரான்கள் வெறும் 1 விழுக்காடு கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் ஒருவரை ஒருவர் எவ்வளவு வேகமாகத் தள்ளுவார்கள்?

பூமியின் எடைக்குச் சமமான ஒரு சுமையைத் தூக்கும் அளவுக்கு! ஆமாம், பூமி முழுவதும்.

மின்விசை அவ்வளவு வலுவானது. இரண்டு புரோட்டான்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றுக்கிடையே ஈர்ப்புவிசையும் உண்டு, ஒன்றை ஒன்று தள்ளும் மின்விசையும் உண்டு. மின்விசை எத்தனை மடங்கு பெரியது என்றால், 1க்குப் பின்னால் 36 பூஜ்யம் போட்டால் வரும் எண்ணின் அளவுக்கு.

இந்த இடத்தில்தான் நட்சத்திரங்களின் தலையெழுத்து வருகிறது. ஒரு பெரிய ஹைட்ரஜன் மேகம் சுருங்கி நட்சத்திரமாக வேண்டும் என்றால் ஈர்ப்புவிசை ஜெயிக்க வேண்டும். அந்த மேகத்தில் ஒரு பில்லியன் பில்லியன் அணுக்களுக்கு ஓர் எலெக்ட்ரான் கூடுதலாக இருந்தாலே போதும். மின்விசையின் தள்ளலும் ஈர்ப்புவிசையின் இழுப்பும் ஏறக்குறைய சமமாகிவிடும். அதற்கு மேல் போனால் மேகம் சுருங்காது, சிதறிப்போகும்.

சூரியன் இல்லை. பூமி இல்லை. இதைப் படிக்க நீங்களும் இல்லை.

ஒரு பில்லியன் பில்லியன் என்பது 1க்குப் பின்னால் 18 பூஜ்யம். அவ்வளவு பெரிய கூட்டத்தில் ஒருவர் கூடுதலாக வந்தாலே ஆட்டம் கலைந்துவிடும். ஆகவே, பிரபஞ்சத்தில் நட்சத்திரங்களும் பால்வெளிகளும் இருக்கின்றன என்பதே, கணக்கு மிக மிகத் துல்லியமாகச் சரியாக இருக்கிறது என்பதற்கு ஒரு சான்று.

'கொஞ்சம் வித்தியாசம் இருந்தால்?' என்று கேட்டவர்கள்

பிளஸும் மைனஸும் சமம் என்று சொல்ல, இரண்டு விஷயங்கள் உண்மையாக இருக்க வேண்டும். ஒன்று, புரோட்டான்களும் எலெக்ட்ரான்களும் எண்ணிக்கையில் சமமாக இருக்க வேண்டும். இரண்டு, ஒரு புரோட்டானின் பிளஸும் ஓர் எலெக்ட்ரானின் மைனஸும் அளவில் சமமாக இருக்க வேண்டும்.

இரண்டாவதை 1959ஆம் ஆண்டில் ரேமண்ட் லிட்டில்டன், ஹெர்மன் பாண்டி என்ற இருவர் கேள்விக்குள்ளாக்கினார்கள். இருவரும் பிரிட்டனில் பணியாற்றியவர்கள். புரோட்டானின் மின்னூட்டம் எலெக்ட்ரானுடையதைவிட ஒரு பில்லியன் பில்லியனில் 2 பங்கு கூடுதலாக இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டார்கள். அந்தச் சின்ன வித்தியாசம், பால்வெளிகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப்போவதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது அவர்களின் யோசனை.

அழகான யோசனைதான். ஆனால் அறிவியலில் அழகு மட்டும் போதாது, சோதித்துப் பார்க்க வேண்டும்.

சோதனை எளிமையானது. ஒரு கலனில் வாயுவை அடைத்து, மெல்ல வெளியேற்ற வேண்டும். ஒவ்வொரு மூலக்கூறிலும் துளி மின்னூட்டம் மிச்சம் இருந்தால், வாயு வெளியேற வெளியேறக் கலனின் மின்னூட்டம் மாறும். அடுத்த ஓரிரு ஆண்டுகளிலேயே பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இதைச் செய்து பார்த்தார்கள். மாற்றம் தெரியவில்லை. லிட்டில்டனும் பாண்டியும் சொன்ன அளவு வித்தியாசம் இல்லை என்பது உறுதியானது.

1973இல் இன்னும் சுவையான ஒரு சோதனை நடந்தது. அமெரிக்க ஆய்வாளர்கள் டில்லாவும் கிங்கும் ஓர் உருண்டையான கலனுக்குள் சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடு வாயுவை நிரப்பினார்கள். அதன் மீது முன்னும் பின்னும் மாறிக்கொண்டே இருக்கும் மின்புலத்தைச் செலுத்தினார்கள். மூலக்கூறுகளில் மின்னூட்டம் கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் அவை அந்தத் தாளத்துக்கு ஏற்ப அசையும். வாயு அசைந்தால் ஒலி வரும். காதுகொடுத்துக் கேட்க வேண்டியதுதான்.

அப்படி ஒலி எதுவும் வரவில்லை. இந்த வகைச் சோதனைகள் சொல்லும் முடிவு: புரோட்டானுக்கும் எலெக்ட்ரானுக்கும் வித்தியாசம் இருந்தால்கூட, அது 1க்குப் பின்னால் 21 பூஜ்யம் கொண்ட எண்ணில் ஒரு பங்குக்கும் குறைவு.

சரி, பிரபஞ்சத்தில் யார் யார் எத்தனை பேர்?

இப்போது எண்ணிக்கைக்கு வருவோம். பிரபஞ்சத்தில் அதிகமாக இருப்பது எது என்று கேட்டால் பலர் 'அணு' என்பார்கள். உண்மையில் அணுக்கள் சிறுபான்மை!

பிரபஞ்சம் முழுவதையும் சராசரியாகப் பார்த்தால் நிலவரம் இதுதான்:

• ஒளித்துகள்கள்: ஒரு கன சென்டிமீட்டரில் சுமார் 411. சர்க்கரைக் கட்டி அளவு இடத்தில் அத்தனை. இவை பிரபஞ்சத்தின் குழந்தைப் பருவத்திலிருந்து மிச்சமாக வரும் நுண்ணலைக் கதிர்வீச்சு.

• நியூட்ரினோக்கள்: ஒரு கன சென்டிமீட்டரில் சுமார் 340 இருக்க வேண்டும் என்கிறது கோட்பாடு. மின்னூட்டம் இல்லாதவை. நம் உடலுக்குள் புகுந்து வெளியே போனாலும் தெரியாது.

• புரோட்டானும் நியூட்ரானும் சேர்த்து: 4 கன மீட்டருக்கு ஒன்று. பெரிய குளிர்சாதனப் பெட்டிகள் சிலவற்றை அடுக்கி வைத்தால் வரும் இடத்தில், ஒரே ஒரு துகள்.

ஒரு புரோட்டானுக்கு ஏறக்குறைய 2 பில்லியன் ஒளித்துகள்கள் என்று கணக்கு வருகிறது. இந்த எண்ணை மறந்துடாதீங்க. கொஞ்ச நேரத்தில் திரும்ப வரும்.

அணுக்களுக்குள்ளேயும் ஒரு விகிதம் உண்டு. பிரபஞ்சத்தின் ஆரம்பத்தில் உருவான சாதாரணப் பொருளின் எடையில் 75 விழுக்காடு ஹைட்ரஜன், 25 விழுக்காடு ஹீலியம். ஹைட்ரஜனில் புரோட்டான் மட்டும். ஹீலியத்தில் 2 புரோட்டானும் 2 நியூட்ரானும். எல்லாவற்றையும் கூட்டினால் 7 புரோட்டானுக்கு 1 நியூட்ரான். அந்த 7 புரோட்டானையும் சமன்செய்ய 7 எலெக்ட்ரான்.

7, 7, 1. பிரபஞ்சத்தின் சாதாரணப் பொருளை இந்த மூன்று எண்களில் சொல்லிவிடலாம்.

இருண்ட பொருள் என்று ஒன்று இருக்கே, அது? அது சாதாரணப் பொருளைவிட ஏறக்குறைய 5 மடங்கு அதிகம். ஆனால் ஒளியோடு எந்த உறவும் வைத்துக்கொள்ளாததால், அதற்கு மின்னூட்டம் இல்லை என்றே விஞ்ஞானிகள் எடுத்துக்கொள்கிறார்கள். நம் பிளஸ், மைனஸ் கணக்கில் அது சேராது.

முதல் விநாடிக்குப் போவோம்

ஏறக்குறைய 13.8 பில்லியன் ஆண்டுகளுக்கு முன் பிரபஞ்சம் கற்பனைக்கு எட்டாத சூட்டில் இருந்தது. அவ்வளவு சூட்டில் ஒளித்துகள்கள் மோதிக்கொண்டால் பொருள் பிறக்கும். ஆனால் தனியாகப் பிறக்காது. இரட்டையாகத்தான் பிறக்கும்.

எலெக்ட்ரான் ஒன்று உருவானால் கூடவே பாசிட்ரான் ஒன்று உருவாகும். பாசிட்ரானின் எடை எலெக்ட்ரானுடையதே. மின்னூட்டம் மட்டும் பிளஸ். இதைத்தான் எதிர்ப்பொருள் என்கிறோம். அறிவியல் புனைகதையில் மட்டும் வரும் சமாசாரம் இல்ல இது. 1932இலேயே கார்ல் ஆண்டர்சன் பாசிட்ரானைக் கண்டுபிடித்துவிட்டார். மருத்துவமனைகளில் செய்யும் 'பெட் ஸ்கேன்' சோதனையில் பயன்படுவதும் பாசிட்ரான்தான். புரோட்டானின் இரட்டையான எதிர்ப்புரோட்டான் 1955இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் மின்னூட்டம் மைனஸ்.

இரட்டையர்கள் மறுபடி சந்தித்தால் இரண்டும் அழிந்து ஒளியாக மாறிவிடும். ஒளிக்கு மின்னூட்டம் இல்லை. பிறக்கும்போது பூஜ்யத்திலிருந்து ஒரு பிளஸ், ஒரு மைனஸ். அழியும்போது ஒரு பிளஸும் ஒரு மைனஸும் சேர்ந்து பூஜ்யம். எத்தனை முறை நடந்தாலும் கணக்கு மாறாது.

ஆனால் இங்கே ஒரு சிக்கல். எல்லாம் இரட்டையாகப் பிறந்து இரட்டையாகவே அழிந்தால், கடைசியில் ஒளி மட்டும்தானே மிஞ்சும்? நாம் எப்படி வந்தோம்?

ஒரு பில்லியனில் ஒன்று தப்பித்தது

விடை, நாம் மறக்காமல் வைத்திருந்த அந்த எண்ணில் இருக்கிறது. ஒரு புரோட்டானுக்கு 2 பில்லியன் ஒளித்துகள்கள்.

ஆரம்பத்தில் எதிர்ப்பொருள் துகள்கள் ஒரு பில்லியன் இருந்தால், பொருள் துகள்கள் ஒரு பில்லியனும் ஒன்றும் இருந்தன. பில்லியனும் பில்லியனும் மோதி ஒளியாகிவிட்டன. அந்த ஒன்று மட்டும் தப்பித்தது. சூரியன், நிலா, மெர்லயன், இரட்டைக் கோபுரம், நீங்கள், உங்கள் கைத்தொலைபேசி எல்லாமே அப்படித் தப்பித்த துகள்களால் ஆனவை.

ஆக, பொருள் vs எதிர்ப்பொருள் போட்டியில் பொருள் ஜெயித்துவிட்டது. அந்தக் கணக்கு பூஜ்யத்தில் முடியவில்லை.

இப்போது கவனமாகப் பாருங்க. புரோட்டான்களும் எதிர்ப்புரோட்டான்களும் அழித்துக்கொண்டது முதல் விநாடியின் மிகச் சிறிய பகுதிக்குள் முடிந்துபோனது. எலெக்ட்ரானின் எடை புரோட்டானின் எடையில் 1,836இல் ஒரு பங்கு. அதனால் பிரபஞ்சம் கொஞ்சம் குளிர்ந்த பிறகும் எலெக்ட்ரான், பாசிட்ரான் இரட்டையர்கள் பிறந்துகொண்டிருந்தார்கள். அவர்களின் மோதல் முதல் விநாடி முடிந்த பிறகுதான் தீவிரமாகி அடங்கியது.

இரண்டு வெவ்வேறு நேரம். இரண்டு வெவ்வேறு துகள். ஒரு பக்கம் மிஞ்சியவை புரோட்டான்கள், எல்லாம் பிளஸ். இன்னொரு பக்கம் மிஞ்சியவை எலெக்ட்ரான்கள், எல்லாம் மைனஸ்.

மிஞ்சிய எண்ணிக்கையோ இரண்டு பக்கமும் சமம்!

இரண்டு கடைகள் வெவ்வேறு நேரத்தில் வியாபாரத்தை முடித்துக் கல்லாவை எண்ணுகின்றன. நாள் முழுக்க பில்லியன் கணக்கில் வரவு செலவு. கடைசியில் இரண்டு கல்லாவிலும் ஒரு காசு பிசகாமல் ஒரே தொகை. இதைப் பார்க்கும் கணக்காய்வாளர் என்ன சொல்வார்? 'தற்செயல்' என்று சொல்ல மாட்டார். இரண்டு கல்லாவையும் இணைக்கும் ஒரு விதி இருக்க வேண்டும் என்பார்.

அந்த விதி என்ன?

விதியின் பெயர் மின்னூட்ட அழிவின்மை. எந்த வினை நடந்தாலும், நடப்பதற்கு முன் இருந்த மொத்த மின்னூட்டமும் நடந்த பின் இருக்கும் மொத்த மின்னூட்டமும் ஒன்றாகவே இருக்கும். பிளஸ் மட்டும் தனியாகத் தோன்றாது. மைனஸ் மட்டும் தனியாக மறையாது.

ஓர் எடுத்துக்காட்டு. அணுவுக்கு வெளியே தனியாக விடப்பட்ட நியூட்ரான் சராசரியாகச் சுமார் 15 நிமிடத்தில் சிதைந்துவிடும். சிதையும்போது ஒரு புரோட்டான் வருகிறது. அது மட்டும் வந்தால் கணக்கு உதைக்கும், இல்லையா? அதனால் கூடவே ஓர் எலெக்ட்ரானும் வருகிறது. மின்னூட்டம் இல்லாத எதிர்நியூட்ரினோ ஒன்றும் வருகிறது. முன்பு பூஜ்யம். பின்பு பிளஸ் ஒன்று, மைனஸ் ஒன்று, பூஜ்யம் ஒன்று. கூட்டினால் பூஜ்யம்.

இந்த விதியை மீறும் ஒரே ஒரு சம்பவத்தையாவது பிடிக்க முடியுமா என்று விஞ்ஞானிகள் தேடிப் பார்த்திருக்கிறார்கள். மின்னூட்டம் உள்ள துகள்களில் எடை குறைந்தது எலெக்ட்ரான். அது சிதைந்தால், மைனஸை வாங்கிக்கொள்ள அதைவிட லேசான துகள் எதுவும் இல்லை. எனவே எலெக்ட்ரான் சிதைவதைப் பார்த்தால் விதி உடைந்தது என்று பொருள்.

இத்தாலியில் கிரான் சாஸோ மலைக்கு அடியில் உள்ள பொரெக்ஸினோ ஆய்வுக்கூடம் இதைத் தேடியது. 2015இல் வந்த முடிவு: ஒன்றும் சிக்கவில்லை. எலெக்ட்ரானின் ஆயுள் குறைந்தது 66 பில்லியன் பில்லியன் பில்லியன் ஆண்டுகள் என்று கணக்கிட்டார்கள். பிரபஞ்சத்தின் வயதே 13.8 பில்லியன் ஆண்டுகள்தான்.

ஆக, பிரபஞ்சத்துக்கு இரண்டு கணக்குப் புத்தகம். முதல் புத்தகத்தில் பொருளும் எதிர்ப்பொருளும். அதில் எங்கோ, எப்போதோ, ஒரு பில்லியனில் ஒன்று என்ற அளவுக்குப் பிசகு நடந்திருக்கிறது. இரண்டாவது புத்தகத்தில் பிளஸும் மைனஸும். அதில் இதுவரை ஒரு பிசகும் தெரியவில்லை. முதலாவதில் என்ன பிசகு நடந்தாலும், இரண்டாவது புத்தகம் அதைச் சரிகட்டியே தீரும். புரோட்டான் பக்கம் ஒரு பிளஸ் கூடினால், எலெக்ட்ரான் பக்கம் ஒரு மைனஸ் கூடியே ஆக வேண்டும்.

முதல் புத்தகம் பிசகியிருக்காவிட்டால் வெறும் ஒளிதான் இருந்திருக்கும். இரண்டாவது பிசகியிருந்தால் நட்சத்திரமே உருவாகியிருக்காது. நாம் இருப்பதற்கு இரண்டுமே தேவைப்பட்டன.

முதல் புத்தகத்தில் பிசகு எப்படி வந்தது?

இதற்கு இன்னும் முழு விடை இல்லை. ஆனால் துப்புகள் இருக்கின்றன.

1964இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் குரோனினும் வால் ஃபிட்சும் கேயான் என்ற துகளை ஆராய்ந்தார்கள். பொருளுக்கும் எதிர்ப்பொருளுக்கும் இயற்கை ஒரே நியாயம் வழங்குவதில்லை என்று அதில் தெரிந்தது. 1980இல் இருவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது. 1967இல் சோவியத் விஞ்ஞானி ஆந்திரே சாகரவ், பொருள் மிஞ்சுவதற்கு எந்தெந்த நிபந்தனைகள் நிறைவேற வேண்டும் என்று பட்டியலிட்டார்.

2025இல் ஜெனீவாவுக்கு அருகே உள்ள செர்ன் ஆய்வகத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. புரோட்டான், நியூட்ரான் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு துகள் சிதையும் விதத்திலும், அதன் எதிர்ப்பொருள் இரட்டை சிதையும் விதத்திலும் சின்ன வித்தியாசம் இருப்பதை அங்குள்ள ஆய்வாளர்கள் முதன்முறையாகக் கண்டார்கள். ஆனால் இதுவரை தெரிந்த வித்தியாசங்கள் எல்லாவற்றையும் சேர்த்தாலும், பில்லியனில் அந்த ஒன்று ஏன் தப்பித்தது என்பதை விளக்கப் போதவில்லை.

இன்னொரு புதிர்: அளவு ஏன் இவ்வளவு பொருந்துது?

எண்ணிக்கை சமமாக இருப்பதை விதி விளக்கிவிடுகிறது. ஆனால் ஒரு புரோட்டானின் பிளஸும் ஓர் எலெக்ட்ரானின் மைனஸும் ஏன் துல்லியமாக ஒரே அளவு?

எதிர்ப்பொருள் இரட்டையாக இருந்தால் ஆச்சரியமில்லை. ஆனால் புரோட்டானும் எலெக்ட்ரானும் இரட்டையர் இல்லை, உறவுக்காரர்கள்கூட இல்லை போலத் தெரிகிறது. எலெக்ட்ரானுக்குள் வேறு துகள் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. புரோட்டானோ மூன்று குவார்க்குகளால் ஆனது. அவற்றில் இரண்டுக்கு மின்னூட்டம் பிளஸ் மூன்றில் இரண்டு, ஒன்றுக்கு மைனஸ் மூன்றில் ஒன்று. கூட்டிப் பாருங்க. சரியாக பிளஸ் ஒன்று.

இவ்வளவு வேறுபட்ட இரண்டு துகள்களுக்கு இந்தப் பொருத்தம் எங்கிருந்து வந்தது? 1974இல் ஹவர்ட் ஜார்ஜியும் ஷெல்டன் கிளாஷோவும் ஒரு விளக்கம் தந்தார்கள். குவார்க்கும் எலெக்ட்ரானும் ஆதியில் ஒரே குடும்பம், அதனால்தான் மின்னூட்டம் பொருந்துகிறது என்றார்கள். அது உண்மையானால் புரோட்டானும் என்றாவது ஒருநாள் சிதைய வேண்டும். அப்படிச் சிதையும்போதுகூட அதன் பிளஸை ஒரு பாசிட்ரான் வாங்கிக்கொள்ளும். மின்னூட்டக் கணக்கு அங்கேயும் தப்பாது.

ஜப்பானில் நிலத்துக்கடியில் 50,000 டன் தண்ணீரை நிரப்பி, சூப்பர் கமியோகாண்டே ஆய்வுக்கூடம் 1996 முதல் அந்தச் சிதைவுக்காகக் காத்திருக்கிறது. இதுவரை ஒரு புரோட்டான்கூடச் சிதைந்ததாக உறுதியாகவில்லை. ஜார்ஜியும் கிளாஷோவும் சொன்ன எளிய வடிவம் அதனால் கைவிடப்பட்டது. ஆனாலும் அவர்கள் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது.

'எல்லாம் பூஜ்யம்னா, ஒண்ணுமே இல்லையா?'

இப்படிக் கேட்கத் தோன்றும். பதில், மொத்தம் பூஜ்யம் என்பது வேறு, ஒன்றும் இல்லை என்பது வேறு.

பிரபஞ்சத்துக்கு ஏறக்குறைய 380,000 வயது ஆனபோது, அது எலெக்ட்ரான்கள் புரோட்டான்களோடு நிலையாகச் சேரும் அளவுக்குக் குளிர்ந்தது. மின்னூட்டம் இல்லாத முழு அணுக்கள் பெருமளவில் உருவாயின. அதுவரை எலெக்ட்ரான்களில் மோதி மோதித் தடுமாறிக்கொண்டிருந்த ஒளி, தடையில்லாமல் பாயத் தொடங்கியது. கன சென்டிமீட்டருக்கு 411 என்று முன்பு சொன்னோமே, அந்த ஒளித்துகள்கள்தான் அவை. 1960களின் நடுவே ஆர்னோ பென்சியாஸும் ராபர்ட் வில்சனும் அவற்றைத் தங்கள் வானொலி ஆண்டெனாவில் எதேச்சையாகக் கண்டுபிடித்தார்கள்.

அணு வெளியிலிருந்து பார்க்கப் பூஜ்யம். கிட்டப் போனால் பிளஸ் நடுவிலும் மைனஸ் சுற்றிலும் இருக்கிறது. ஆக, மின்விசை காணாமல் போகவில்லை. பக்கத்து அணுவோடு கைகோப்பதற்கு அதுதான் உதவுகிறது. தண்ணீர் தண்ணீராக இருப்பதும், நீங்கள் நாற்காலியில் உட்காரும்போது அதற்குள் புதைந்து போகாமல் இருப்பதும் அதனால்தான். வேதியியல் பாடம் முழுவதும் இந்த மிச்ச விசையின் கதை என்றே சொல்லலாம்.

நீங்கள் இதைப் படிக்கும் திரையும் அப்படித்தான். பேட்டரியை மின்னேற்றும்போது அதற்குள் புது மின்னூட்டம் எதையும் நாம் ஊற்றுவதில்லை. ஏற்கெனவே உள்ள மின்னூட்டத்தை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு நகர்த்துகிறோம். முழுசா சார்ஜ் ஆன கைத்தொலைபேசியிலும் பிளஸும் மைனஸும் சமம்தான்!

சுருக்கமாகச் சொன்னால்...

• பிரபஞ்சத்தின் சாதாரணப் பொருளில் 7 புரோட்டானுக்கு 7 எலெக்ட்ரான், 1 நியூட்ரான்.

• பிளஸும் மைனஸும் ஒரு பில்லியன் பில்லியனில் ஒன்று பிசகினாலே ஈர்ப்புவிசை தோற்கத் தொடங்கும். நட்சத்திரங்கள் உருவாகியிருக்காது.

• எதிர்ப்பொருளைவிடப் பொருள் பில்லியனில் ஒன்று கூடுதலாக இருந்ததால் நாம் மிஞ்சினோம். அதற்கான காரணம் இன்னும் ஆய்வில் உள்ளது.

• மின்னூட்ட அழிவின்மை விதியால், மிஞ்சிய புரோட்டான்களும் எலெக்ட்ரான்களும் எண்ணிக்கையில் சமம். இரண்டின் மின்னூட்டமும் ஏன் அளவில் சமம் என்பது இன்னும் திறந்திருக்கும் கேள்வி.

அடுத்த முறை மழை நேரத்தில் மின்னல் வெட்டினால் பாதுகாப்பான இடத்தில் நின்றுகொண்டு பாருங்க. அங்கே நடப்பது, பிரிந்துபோன கொஞ்சம் மின்னூட்டம் மறுபடியும் கணக்கைச் சரிசெய்துகொள்வதுதான்.